கூகுள் கணக்கில் உள்ள உங்கள் தரவைப் பதிவிறக்குவது எப்படி?

பல ஆண்டுகளாகச் சேர்ந்த மின்னஞ்சல்களும் ஒளிப்படங்களும் கூகுளிடம் மட்டுமே இருந்தால், கணக்கு முடங்கும் நாளில் அவற்றையும் சேர்த்தே இழக்க நேரிடலாம். அவற்றின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள, டேக்அவுட் என்ற வசதியை அந்நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் வழங்கிவருகிறது. நகல் எடுப்பதால் கணக்கில் உள்ளவை அழிந்துவிடுவதில்லை.

படி 1: சொந்தக் கணினியில் கணக்கினுள் நுழைந்து, டேக்அவுட் பக்கத்தைத் திறக்கவும். பொதுக் கணினி இதற்கு ஏற்றதன்று.

படி 2: ஏறத்தாழ எல்லாச் சேவைகளும் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருக்கும். அனைத்தின் தேர்வையும் நீக்கிவிட்டு, ஜிமெயில், போட்டோஸ், தொடர்புகள் என வேண்டியவற்றை மட்டும் குறியிடவும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்பதைவிட, ஒவ்வொரு சேவையாகக் கேட்பதே நல்லது என்பேன். எங்கேனும் தடைபட்டாலும் அந்த ஒன்றை மட்டும் மீண்டும் கேட்டால் போதும்.

படி 3: பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கும் ஜிப் வடிவத்தையும் கோப்பின் அளவையும் தேர்ந்தெடுக்கவும். 50 ஜிபி வரை கேட்கலாம் என்றாலும், இணையத் தொடர்பு இடையில் அறுந்தால் பெரிய கோப்பை முதலிலிருந்து இறக்க நேரிடலாம் என்பதால், 2 ஜிபி துண்டுகளே பாதுகாப்பானவை. கூகுள் டிரைவில் சேர்க்கச் சொன்னால் உங்கள் சேமிப்பிடமே குறையும். ஆகவே, மின்னஞ்சலில் பதிவிறக்க இணைப்பு (லிங்க்) பெறும் வழியையே தேர்ந்தெடுக்கவும்.

படி 4: தரவின் அளவைப் பொறுத்து, கோப்பு தயாராகச் சில மணி நேரமோ சில நாள்களோ ஆகலாம். இணைப்பு வந்தபின் ஏறத்தாழ ஒரு வாரமே செல்லுபடியாகும்.

படி 5: இறக்கிய துண்டுகள் அனைத்தையும் ஒரே கோப்புறையில் விரித்துத் திறந்து பார்க்கவும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மின்னஞ்சல்கள் எம்பாக்ஸ் வடிவில் வரும். அவற்றைத் தண்டர்பேர்டு போன்ற மின்னஞ்சல் மென்பொருளில் ஏற்றிப் படிக்கலாம். ஒளிப்படங்களுடன் வரும் சிறிய ஜேசன் கோப்புகளைக் குப்பையென எண்ணி அழித்துவிடாதீர்கள். படம் எடுத்த நாள், இடம், நீங்கள் எழுதிய குறிப்பு ஆகியவை அவற்றில் இருக்கும். ஆல்பங்களில் சேர்த்த படங்கள் ஆண்டுக் கோப்புறையிலும் ஆல்பக் கோப்புறையிலுமாக இருமுறை வரக்கூடும், அது பிழையன்று. மிகப் பழைய மடல் ஒன்றையும் அண்மைய படம் ஒன்றையும் தேடிப் பார்த்து, இரண்டும் திறந்தால், முழுத் தொகுப்பையும் புற வன்தட்டு ஒன்றில் கடவுச்சொல்லிட்டுச் சேமிக்கவும். கணக்கை மூடும் எண்ணம் இருந்தால், அதை இதற்குப் பிறகே செய்யவும்.