மனச்சோர்வு மருந்தாய்வில் சேரும் முன்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

"புது மருந்து ஒன்று ஆய்வில் இருக்கிறது, சேர்ந்தால் செலவில்லாமல் கிடைக்கும், சேர்கிறீர்களா?" என்று மனநல மருத்துவர் கேட்கும்போது, "புது மருந்து", "செலவில்லாமல்" என்ற இரண்டும்தான் நம் காதில் விழுகின்றன, நடுவில் இருக்கும் "ஆய்வு" நழுவிவிடுகிறது. அந்த மருந்து பழைய மருந்தைவிட மேலானதா என்பது கேட்கிற மருத்துவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வு தேவைப்பட்டிருக்காது. சிகிச்சை நோயாளிக்காக நடப்பது, ஆய்வு ஒரு கேள்விக்கு விடை தேடி நடப்பது. இரண்டும் ஒரே அறையில், ஒரே மருத்துவர் கையால் நடப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. சேரலாமா என்று யோசிப்பவர் முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மனச்சோர்வில் இன்னொரு சிக்கலும் உண்டு. முடிவெடுக்கும் மனமே இங்கே நோயுற்றிருக்கிறது. எதிலும் பிடிப்பில்லாத நாளில் "என்ன ஆனால் என்ன" என்று கையெழுத்திடுபவரும் உண்டு. பல மருந்துகள் பலிக்காமல் போனபின் இதுதான் கடைசி வழி என்று பற்றிக்கொள்பவரும் உண்டு. இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கேட்ட அன்றே கையெழுத்திட வேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நம்பிக்கையான ஒருவருடன் உட்கார்ந்து படித்து, இரண்டு மூன்று நாள் கழித்து முடிவு செய்யுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 99ஆம் பிரிவில், மனநோய் உள்ளவரை ஆய்வில் சேர்க்க அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும் என்றும், அந்த ஒப்புதலை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. யோசிக்க நேரம் தராமல் அவசரப்படுத்தும் இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

எல்லா ஆய்வும் மாத்திரை ஆய்வு அல்ல. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், மனநலத் துறையில் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசியே சிகிச்சை தந்தார்கள். அதன் முடிவுகள் 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியாயின. சென்னை உட்பட இந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில், நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை, மாத்திரையை அல்ல, பராமரிப்பு முறை ஒன்றைச் சோதிப்பதற்காக இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. மாத்திரை என்றாலே தயங்குபவர், பேச்சுச் சிகிச்சை, யோகா போன்றவற்றை ஆராயும் ஆய்வு ஏதேனும் நடக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, சொல்லப்பட்ட ஆய்வு உண்மையில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கென ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும் சிடிஆர்ஐ என்ற பதிவேடு இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். புதிய மருந்துகளின் ஆய்வுகளை அதில் பதிவது 2009 ஜூன் மாதம் முதல் கட்டாயம். ஆய்வுக்குழுவிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணுக்குள்ளேயே ஆண்டும் மாதமும் இருக்கும். அந்தப் பக்கத்தில் ஆய்வை நடத்துபவர் யார், பணம் தருவது யார், எந்த ஊர்களில் நடக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள், ஆய்வில் சேர்பவர்களின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்கும் நெறிமுறைக் குழு அனுமதி தந்துவிட்டதா என்பதெல்லாம் தெரியும். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இனி ஒப்புதல் படிவம். என் சித்தி மகனுக்காக ஒருமுறை இப்படிப்பட்ட படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து படித்தேன். தமிழில்தான் இருந்தது, ஆனால் மூன்றாம் பக்கத்தில் "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்ற வரியில் இருவரும் நின்றுவிட்டோம். ஏதோ வீட்டுமனை ஒதுக்கீடு போல இருக்கிறது என்றான் அவன். நீங்கள் எந்த மருந்தைப் பெறுவீர்கள் என்பதைக் குலுக்கல் போல ஒரு கணினி முடிவு செய்யும், மருத்துவரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். இப்படிப் புரியாத வரிகளின் கீழ் பென்சிலால் கோடிட்டு, மறுநாள் ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். முகம் சுளிக்காமல் சொன்னார். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்று விதி இருக்கிறது. கையெழுத்தான படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். வீட்டிலேயே வையுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது, வெற்று மாத்திரை தருவார்களா என்பது. மருந்தில்லாத, ஆனால் மருந்தைப் போலவே தோற்றமளிக்கும் மாத்திரை அது. மனச்சோர்வு ஆய்வுகளில் அதை உட்கொண்டவர்களில்கூட ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு கணிசமாகக் குறைவதுண்டு; வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து அக்கறையாகக் கேட்பதே பாதி மருந்து என்பது என் எண்ணம். அதனால்தான் அதோடு ஒப்பிடாமல் புது மருந்தின் பலனை எடைபோட முடிவதில்லை. ஆய்வாளருக்கு அது அவசியமாக இருக்கலாம். ஆறு அல்லது எட்டு வாரம் வெற்று மாத்திரையோடு இருக்க உங்களால் முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முன்பு தீவிரமான தற்கொலை எண்ணம் வந்தவர், வீட்டில் தனியாக இருப்பவர், இப்போதைய மருந்தில் ஓரளவு நன்றாக இருப்பவர் ஆகியோர் இத்தகைய ஆய்வில் சேரத் தேவையில்லை என்பதே என் கருத்து.

இரண்டாவது கேள்வி, இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்வார்களா என்பது. பழைய மருந்து உடலை விட்டு நீங்கும் வரை சில ஆய்வுகளில் காத்திருக்க வைப்பார்கள். பல மருந்துகளுக்கு ஓரிரு வாரம் போதும். பிளூக்ஸிட்டின் நீங்க ஐந்து வாரம் வரை ஆகும். பராக்ஸிட்டின், வென்லாபாக்ஸின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரக்கூடும். ஆகவே சேரும் ஆசையில் முன்கூட்டியே நீங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்துக் கடையில் வாங்கிய தூக்க மாத்திரை, சித்த மருந்து, லேகியம், குடிப்பழக்கம் என எதையும் மறைக்கவும் கூடாது. தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு போலவே தோன்றும் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வார்கள்; அதன் முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்ந்தபின் வருவது, மனச்சோர்வு எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று கேள்விகள் கேட்டு மதிப்பெண் போடும் அமர்வு. 1960இல் மேக்ஸ் ஹாமில்டன் உருவாக்கிய அளவுகோலோ, 1979இல் மாண்ட்கோமரியும் ஆஸ்பெர்க்கும் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவுகோலோ பெரும்பாலும் பயன்படும். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் இடைஞ்சல் செய்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால், "பரவாயில்லை டாக்டர்" என்கிறோம். அது சற்றுக் குறைந்திருக்கிறது என்றும் பொருள்படும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் பொருள்படும், உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை என்றும் பொருள்படும். மதிப்பெண் போடுபவர் எதை எழுதுவார்? "தூக்கம் வரலை" என்பதும் அப்படித்தான். ஹாமில்டன் அளவுகோலில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள் உண்டு: படுத்ததும் தூக்கம் வராதது, நடு இரவில் விழிப்பது, விடியுமுன்பே விழித்து மீண்டும் உறங்க முடியாமல் கிடப்பது. ஆகவே படுக்கையருகே ஒரு சிறு நோட்டு வைத்து, பத்தரைக்குப் படுத்தேன், மூன்று மணிக்கு விழித்தேன் என்று எழுதி வாருங்கள். சேர்வதற்காக நோயைக் கூட்டிச் சொல்வதும், சேர்ந்தபின் மருத்துவர் மகிழட்டும் என்று குறைத்துச் சொல்வதும் ஆய்வைக் கெடுப்பதோடு, உங்கள் உண்மை நிலையை உங்கள் மருத்துவரிடமிருந்தே மறைத்துவிடும்.

ஆபத்து பற்றி நேராகப் பேச வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் சிறுவர்களிடமும் 25 வயதுக்குக் குறைந்த இளைஞர்களிடமும் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலும் 2007இலும் எச்சரிக்கை சேர்த்தது. ஆகவே நள்ளிரவில் அழைக்க ஒரு கைபேசி எண்ணை ஆய்வுக்குழுவிடம் வாங்கி, வாங்கிய அன்றே ஒருமுறை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது ஆய்வைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்பதை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் சொல்கின்றன. கடுமையான பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். பாதிப்புக்கு ஆய்வு காரணமல்ல என்று உறுதியாகும் வரை சிகிச்சை இலவசம். காரணம்தான் என்றால் இழப்பீடும் உண்டு. வெற்று மாத்திரை ஆய்வில் தர வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராததால் வந்த கேடும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. புகார் சொல்ல நெறிமுறைக் குழுவின் பெயரும் எண்ணும் படிவத்திலேயே இருக்கும்.

விலக நினைத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. விலகியதற்காக அதே மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சையை மறுக்கவும் முடியாது. ஆனால் மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். விலகுகிறேன் என்று சொன்னால்தான் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, வேறு சிகிச்சைக்கு மாற்றுவார்கள். கடைசி வருகையின்போது, இனி எந்த மருந்தை யார் எழுதித் தருவார் என்பதை ஒரு கடிதமாக வாங்கி உங்கள் பழைய மருத்துவரிடம் கொடுங்கள். எனக்குத் தரப்பட்டது எந்த மருந்து என்று எப்போது சொல்வீர்கள் என்றும் கேட்டு வையுங்கள். ஆய்வு முழுதும் முடியும் வரை சொல்லமாட்டார்கள். சித்தி மகனுக்குப் பதில் வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அவன் விழுங்கியது வெற்று மாத்திரை.