'ஐ திங்க்': நார்வேஜிய மொழியில் எந்த வினை, எப்போது?

ஆங்கிலத்தின் 'ஐ திங்க்' என்ற தொடருக்கு நார்வேஜிய மொழியில் நான்கு வினைகள் உண்டு: த்ரூ, ஸ்யூனெஸ், மேனெ, தெங்க்கெ. நான்கையும் 'நினை' என்றே மனப்பாடம் செய்தவர்களுக்கு இலக்கணம் சரியாக வரும், பொருள் மாறிப்போகும். இங்கே தருபவை நார்வேஜிய மொழியின் இரண்டு எழுத்து வழக்குகளில் ஒன்றான பூக்மோலின் வடிவங்கள். 'ஸ்யூ' என்பதை, 'ஸீ' என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்து ஒலிக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது: சொல்லும் செய்தி மெய்யா பொய்யா என்று பிறகு தெரியவருமா? தெரியவரும் என்றால் அது ஊகம், த்ரூர் (த்ரூவின் நிகழ்கால வடிவம்) போடுங்கள். மழை வரும், கதவு பூட்டியிருக்கும் என்பதெல்லாம் இந்த வகை. சொந்த அனுபவத்தில் பிறந்த ரசனை அல்லது மதிப்பீடு என்றால் ஸ்யூனெஸ்.

'யாய் த்ரூர் ஃபில்மென் ஏர் ப்ரா' என்றால் படத்தை இன்னும் பார்க்கவில்லை, நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். 'யாய் ஸ்யூனெஸ் ஃபில்மென் ஏர் ப்ரா' என்றால் பார்த்தாயிற்று, பிடித்திருந்தது. பார்த்துவிட்டு வந்தவர் த்ரூர் என்று சொன்னால், பார்க்கவே இல்லை போலிருக்கிறது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். தமிழ் பேசுபவருக்கு இதில் நல்ல பிடி இருக்கிறது. மனத்துக்குள் 'நன்றாக இருக்கும்' என்று வந்தால் த்ரூர். 'எனக்கு நன்றாகப் படுகிறது' என்று வந்தால் ஸ்யூனெஸ். ஆங்கில வாக்கியத்திலிருந்து நேரே தாவுவதைவிட இந்த வழி நம்பகமானது.

தடுமாற வைக்கும் இடங்கள் இரண்டு. அறிவுரைக்கு ஸ்யூனெஸ்தான் வரும்: 'யாய் ஸ்யூனெஸ் டூ ஸ்கால் வென்தெ', அதாவது நீ காத்திருப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது. தன் முடிவையே மென்மையாகச் சொல்லும்போது த்ரூர்: 'யாய் த்ரூர் யாய் கோர் யெம்', நான் வீட்டுக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறேன்.

மேனெர் யோசித்து எடுத்த நிலைப்பாட்டுக்கு உரியது. விவாதத்திலும் கட்டுரையிலும் பொருந்தும். சாப்பாடு பிடித்ததா என்ற பேச்சில் அது கனமாக ஒலிக்கும். 'வா மேனெர் டூ?' என்பதற்கு 'என்ன சொல்ல வருகிறாய்?' என்ற பொருளும் உண்டு; கருத்து மட்டும் கேட்க 'வா ஸ்யூனெஸ் டூ?' போதும். தெங்க்கெர் சிந்திக்கும் செயலைக் குறிக்கும். ஒருவரை நினைத்துக்கொண்டிருந்தால் 'தெங்க்கெர் போ'. ஒன்றைச் செய்ய எண்ணியிருந்தால் 'ஹார் தெங்க்த் ஓ'.

எதிர்மறையில், 'இல்லை' என்று பொருள்படும் 'இக்கெ' பெரும்பாலும் முதல் வினையோடு சேரும்: 'யாய் த்ரூர் இக்கெ ஹான் கொம்மெர்', அவன் வருவான் என்று தோன்றவில்லை. துணைவாக்கியத்துக்குள் வைத்தால் 'இக்கெ' வினைக்கு முன்னால் வர வேண்டும்: 'அத் ஹான் இக்கெ கொம்மெர்', அவன் வரமாட்டான் என்று. இங்கே 'கொம்மெர் இக்கெ' என்று எழுதுவதுதான் கற்பவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

ஸ்யூனெஸ் நிகழ்காலத்தில் 'ர்' ஏற்காது; இறந்தகாலம் ஸ்யுன்தெஸ். த்ரூர் இறந்தகாலத்தில் த்ருதெ ஆகும்போது, நினைத்தது தவறாகிவிட்டது என்ற சாயல் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். 'யாய் த்ருதெ டூ வார் யெம்மெ' என்றால், நீ வீட்டில் இருப்பாய் என்று நினைத்தேன், ஆனால் இல்லை.