காட்டெருமைக்கு டைம்டேபிள் போடறது எப்படி (வீட்டு ஜன்னல்ல இருந்தே)

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்த ஒட்டி வீடு இருக்கறவங்க எல்லாரும் ஒரு டயலாக் வச்சிருப்பாங்க, "எங்க வீட்டுக்கு கரடி கரெக்டா ஏழு மணிக்கு வந்துரும்"னு. நானும் அப்படித்தான் சொல்லிட்டு திரிஞ்சேன், எந்த மிருகம் எப்ப வருதுன்னு ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சுது அது கரெக்டும் இல்ல, ஏழும் இல்லன்னு. எழுதணும்னு ஆசைப்படறவங்களுக்கு நான் பண்ற விதத்த சொல்றேன். ஒரு நீள நோட்டும் செல்போனும் இருந்தா போதும்.

முதல்ல ஒரே ஒரு உருப்படிய புடிச்சுக்கங்க. எல்லாத்தையும் எழுதறேன்னு இறங்கினா ரெண்டாவது வாரம் நோட்டு பரணுக்கு போயிரும். சாயங்காலம் வீட்ல இருக்கறவங்களுக்கு காட்டெருமை ஈஸி, மறைக்க முடியாத சைஸு. விடியக்காலைல எந்திரிக்கறவங்களா இருந்து பக்கத்துல ஓடையும் இருந்தா சீகாரப் பூங்குருவி, பாட்டு பாதி மறந்துபோன பையன் விசிலடிச்சுட்டு போற மாதிரி இருட்டோட இருட்டா ஆரம்பிக்கும் பாருங்க, அதோட முதல் விசில் எப்பன்னு மட்டும் குறிங்க.

இப்ப முக்கியமான விஷயம். வெறும் மணிய எழுதாதீங்க. மிருகத்துக்கு தெரியறது வெளிச்சம்தான், நம்ம மணி இல்ல. இங்க மே கடைசில சூரியன் ஆறு மணி வாக்குல உதிக்குது, ஜனவரி கடைசில ஆறே முக்காலாயிருது. ஒரு குருவி வருஷம் பூரா உதயத்துக்கு அரை மணி முன்னாடியே பாடுதுன்னு வைங்க, மணி மட்டும் எழுதினீங்கன்னா அது ஜனவரில முக்கா மணி நேரம் சோம்பேறி ஆயிட்ட மாதிரி தெரியும். அதனால "உதயத்துக்கு 30 நிமிஷம் முன்ன", "அஸ்தமனத்துக்கு 10 நிமிஷம் பின்ன" இப்படி எழுதுங்க. இதுல இன்னொரு கூத்து, உதய நேரத்த சென்னைக்கு போட்டத பார்த்து எழுதிராதீங்க. சென்னைக்கும் நமக்கும் கிழக்கு மேற்குல கிட்டத்தட்ட மூணரை டிகிரி, டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக 14 நிமிஷம் அங்கயே அடிபட்டு போகும். போன்ல உங்க ஊர் பேர போட்டு பாருங்க.

இந்த வெளிச்சக் கணக்கு ஏன்னா, உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் இருக்கு. ஒரு ஜீன் புரோட்டீன் செய்ய வைக்கும், அது சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்துல அந்த ஜீனையே அமுக்கிரும், புரோட்டீன் கரைஞ்சதும் ஜீன் மறுபடி கிளம்பும், ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். பழ ஈல இத கண்டுபுடிச்சதுக்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கு 2017ல நோபல் குடுத்தாங்க. "ஏறக்குறைய"தான் விஷயமே, தாத்தா ஆகாசவாணி பீப் சத்தத்துக்கு வாட்ச திருத்தி வைப்பாரே அந்த மாதிரி தினமும் வெளிச்சம் வந்து திருத்தி வைக்கணும். வெளிச்சம் மட்டுந்தானான்னா அதுவும் இல்ல. மதுரைல எம்.கே. சந்திரசேகரன் குழு குகை இருட்டுல அடைச்சு வச்ச வௌவால்கள பார்த்தாங்க, மத்த வௌவாலுங்க பறந்து போறதும் வர்றதும் தெரிஞ்சதால அடைபட்டதுங்களும் அதே நேரத்துக்கு ஒத்து போயிருச்சு. 1981ல வெளிவந்த ஆராய்ச்சி, அதுவும் நம்ம தமிழ்நாட்டுலயே.

அப்புறம் நோட்டுல தேதி, நேரம் போக மூணாவதா ஒரு கட்டம் போடுங்க, அன்னிக்கு மனுஷங்க என்ன பண்ணாங்கன்னு. இல பறிச்சாங்களா, நாய் அவுத்து விட்டிருந்துச்சா, பக்கத்து வீட்ல பலாப்பழம் வெட்டி குப்பைத் தொட்டிய வெளிய வச்சாங்களா, மிஸ்ட் எப்ப இறங்குச்சு. எனக்கு கண்ண தொறந்தது இந்த கட்டம்தான். வார நாள்ல எங்க சரிவுல காட்டெருமை அஸ்தமனம் தாண்டித்தான் தலைய காட்டுது, ஞாயித்துக்கிழமை பறிப்பு கிடையாதுங்கறதால நாலரைக்கே நடு தோட்டத்துல படுத்து அசை போடுது. இல பறிக்கற அக்கா ஒருத்தங்க கிட்ட சொன்னேன், "அதுக்கும் சங்கு ஊதுனா தெரியும் தம்பி"ன்னாங்க. மனுஷன் நடமாட்டத்தால பாலூட்டிங்க பல எடத்துல ராத்திரி பக்கம் நகந்துட்டு இருக்குன்னு 2018ல 62 இனங்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, நம்ம தோட்டத்துலயே பாக்கலாம் அத.

வராத நாளையும் எழுதணும். "வரல"ன்னு ஒரு வார்த்தை. இத விட்டுட்டா நோட்டு உங்களுக்கு புடிச்ச கதையத்தான் சொல்லும்.

மிருகம் முன்னாடி வந்தா தானா படம் எடுக்கற கேமரா வைக்கறவங்க உங்க காம்பவுண்டுக்குள்ள மட்டும் வைங்க, காட்டுக்குள்ள வைக்கணும்னா வனத்துறை பெர்மிஷன் வேணும். பேட்டரி மாத்தினப்ப என் கேமரா டைம் 12:00க்கு ரீசெட் ஆனத கவனிக்காம மூணு வாரம் விட்டுட்டேன், கரடி வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். இப்பல்லாம் வைக்கும்போதும் எடுக்கும்போதும் செல்போன்ல மணிய கேமரா முன்னாடி காட்டி ஒரு படம் எடுத்துக்கறேன், டைம் தப்பா ஓடினாலும் கழிச்சு கணக்கு போட்டுரலாம்.

நேரம் சரியா தெரியணும்னு அந்தி நேரத்துல தேயிலைக்குள்ள இறங்கிராதீங்க தயவு செஞ்சு, செடி மறைவுல படுத்திருக்கற காட்டெருமை மிதிக்கற தூரத்துல வந்தாத்தான் கண்ணுக்கு தெரியும். ஜன்னல் போதும்.

வருஷத்துக்கு ஒருதடவை எழுதறதும் ஒன்னு இருக்கு, வாலாட்டிக் குருவி. மழைக்காலம் முடியற சமயம், செப்டம்பர் வாக்குல, வடக்க இமயமலை பக்கம் இருந்து வந்து ரோட்டோரம் வால ஆட்டிட்டு நிக்கும். இடம்பெயர்ற பறவைங்கள கூண்டுல ஒரே அளவு வெளிச்சத்துல வச்சாலும் சீசன் வந்தா ராத்திரில தவிச்சு பறக்க பாக்கும், அதுக்கு தனியா ஒரு வருஷக் கடிகாரம் உண்டு. போன வருஷம் அது வந்த அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. திரும்பி வந்து நோட்ட தொறந்தா காலி, தினசரி காலண்டர் தாள் ஒன்னு மட்டும் கிழிச்சு மடிச்சு உள்ள வச்சிருந்துச்சு, அம்மா கையெழுத்துல "வாலாட்டி, தண்ணி தொட்டி கிட்ட, காபி நேரம்".