பிரைவேட் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகலையா, டோக்கன் போடுறது இப்படித்தான்

கும்பகோணம் மன்னார்குடின்னு ஊர்ல இருந்துகிட்டே சென்னை கம்பெனிக்கு வேலை பாக்குறவங்க இப்ப நெறைய, பக்கத்து சீட்ல கேக்க சீனியர் யாரும் கிடையாது, அதனால மொத நாளே என்பிஎம் இன்ஸ்டால் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் எறக்குற கமாண்ட்) 404, அதாவது தேடுனது கிடைக்கலன்னு காட்டுனா முழிக்க வேண்டியதுதான். கம்பெனிங்க பிரைவேட் பேக்கேஜ் வைக்கிற கிட்ஹப் பேக்கேஜஸை வச்சே சொல்றேன்.

மொதல்ல டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலா குடுக்குற சாவி. கிட்ஹப் செட்டிங்ஸ்ல டெவலப்பர் செட்டிங்ஸ், அதுக்குள்ள பர்சனல் ஆக்சஸ் டோக்கன்ஸ் போயி கிளாசிக்கை எடுங்க. ஃபைன் கிரெய்ன்டுதான் புதுசாச்சேன்னு அதை எடுத்துடாதீங்க, பேக்கேஜஸ் அதை ஏத்துக்காது. ரீட் பேக்கேஜஸ் மட்டும் டிக் பண்ணுனா போதும், பப்ளிஷ் பண்றவங்களுக்குத்தான் ரைட் (write) பேக்கேஜஸ். எக்ஸ்பைரி தேதி கேக்கும், நம்ம டெல்டாக்காரங்களுக்கு மறக்காத தேதி ஜூன் 12, மேட்டூர் தொறக்குற நாள், அதையே போட்டுக்கலாம் (தண்ணி வருதோ இல்லையோ டோக்கன் அன்னைக்கு முடிஞ்சிரும்). டோக்கனை ஒரு தடவைதான் காட்டும், அப்பவே காப்பி பண்ணிக்குங்க.

அடுத்து டாட் என்பிஎம்ஆர்சி (.npmrc), என்பிஎம்மோட செட்டிங்ஸ் ஃபைல், முக்காவாசி பேரு சிக்குறது இங்கதான். ரெண்டு லைன் வேணும். ஒண்ணு, @ போட்டு கம்பெனி ஸ்கோப் பேரு (பேக்கேஜ் பேருக்கு முன்னாடி வர்ற பகுதி), அந்த ஸ்கோப்புக்கு ரெஜிஸ்ட்ரி, அதாவது பேக்கேஜ் இருக்குற சர்வர், எதுன்னு முழு அட்ரஸ். இன்னொண்ணு ஆத் டோக்கன் லைன், இதுல அட்ரஸ் // ன்னுதான் ஆரம்பிக்கணும், முன்னாடி எச்டிடிபிஎஸ் வரக்கூடாது, அட்ரஸ் முடிஞ்சதும் ஒரு / அப்புறம் கோலன். மொத லைன் ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல இருக்கலாம், எல்லாருக்கும் பொது. டோக்கன் லைன் உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்குற ஃபைல்லதான் இருக்கணும், ரெப்போக்குள்ள வரவே கூடாது.

எரர் வந்தா நம்பரை மட்டும் பாத்துட்டு டோக்கனை மாத்தி மாத்தி போடாதீங்க, எரர்ல வர்ற அட்ரஸைப் படிங்க. 404 வந்து அட்ரஸ் என்பிஎம்ஜேஎஸ்னு இருந்தா டோக்கன் பக்கம் போகவே வேண்டாம், ஒண்ணு மொத லைனே இருக்காது, இல்லன்னா ஸ்கோப் பேரு தப்பா இருக்கும், அது பொது ரெஜிஸ்ட்ரில போயி தேடிகிட்டு இருக்கு. 401னா டோக்கன் எக்ஸ்பயர் ஆயிருக்கும் இல்ல ரெண்டாவது லைன்ல அட்ரஸ் ஒத்துப்போகல. 403னா டோக்கன் உயிரோடதான் இருக்கு, பர்மிஷன் பத்தல, கம்பெனில எஸ்எஸ்ஓ (கம்பெனி லாகின் வழியாவே உள்ள போறது) இருந்தா டோக்கன் பக்கத்துல கான்ஃபிகர் எஸ்எஸ்ஓன்னு இருக்கும், அதுக்குள்ள இருக்குற ஆத்தரைஸை அமுக்குனீங்களான்னு பாருங்க.

டாக்கர் இமேஜ் பில்டுக்கு டோக்கனை ஆர்க்ல (ARG, பில்டுக்கு வெளிய இருந்து குடுக்குற வேல்யூ) குடுக்காதீங்க, இமேஜ் ஹிஸ்டரில அப்படியே தெரியும், சீக்ரெட் மவுன்ட் இருக்கு அதுல குடுங்க. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல (கிட்ஹப்லயே பில்ட் தானா ஓடுற வசதி) அதுவே ஒரு டோக்கன் குடுக்கும், உங்க சொந்த டோக்கனை அங்க கொண்டுபோயி வைக்கிறது பெரும்பாலும் வெட்டி வேலை.

தப்பித்தவறி டோக்கனை கமிட் பண்ணி புஷ்ஷும் பண்ணிட்டீங்கன்னா அடுத்த கமிட்ல அழிச்சு பிரயோஜனம் இல்ல, கிட் ஹிஸ்டரில இருக்கும், நேரா செட்டிங்ஸ் போயி அந்த டோக்கனை டிலீட் பண்ணிட்டு புதுசு எடுங்க, ஹிஸ்டரி கிளீன் பண்றதெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.