அனல்மின் நிலைய மேனுவல்: எழுதும்போதே நுழைந்துவிடும் தவறுகள்

தூத்துக்குடியில் ஐந்து, மேட்டூரில் நான்கு, வடசென்னை முதல் நிலையில் மூன்று என்று 210 மெகாவாட் நிலக்கரி அலகு தமிழ்நாட்டுக்கு நன்றாகப் பழகிய ஒன்று. அப்படிப்பட்ட ஓர் அலகுக்கு இயக்க, பராமரிப்பு மேனுவல் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைப்பது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: சப்ளையர்கள் கொடுத்த கேட்லாக் குவியல், அதே ரக நிலையம் ஒன்றின் பழைய மேனுவல், கொஞ்சம் வரைபடங்கள். இவற்றைத் தொகுத்து பைண்டு செய்தால் அலமாரி நிறையும், ஆனால் ஷிப்டில் இருப்பவருக்கு உதவாது. அந்தக் காகிதங்கள் 'இந்த மாதிரி' இயந்திரத்தைப் பற்றிப் பேசுகின்றன, உங்கள் அலகைப் பற்றி அல்ல. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவைதான்.

கேட்லாக்கை ஒட்டுவது மேனுவல் ஆகாது

பாய்லர் ஃபீட் பம்பை எடுத்துக்கொள்வோம். பம்ப் செய்தவர் பம்பைப் பற்றி எழுதியிருப்பார், ஹைட்ராலிக் கப்ளிங் செய்தவர் கப்ளிங்கைப் பற்றி, மோட்டார்காரர் மோட்டாரைப் பற்றி. மூன்றையும் சேர்த்து ஸ்டார்ட் பண்ண என்னென்ன வேண்டும் என்பதை மூவருமே எழுதியிருக்க மாட்டார்கள். டீஏரேட்டர் மட்டம் போதுமா, சக்ஷன் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, ரீசர்குலேஷன் திறந்திருக்கிறதா, லூப் ஆயில் அழுத்தம் வந்ததா, கூலிங் வாட்டர் ஓடுகிறதா, பேரிங் வெப்பநிலை எல்லைக்குள் இருக்கிறதா. இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒருசேர இருக்கும் ஒரே இடம் லாஜிக் வரைபடம். நள்ளிரவில் பம்ப் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டெஸ்க்கில் இருப்பவருக்கு வேண்டியது அந்தப் பட்டியல்தான். அது மூன்று வால்யூம்களில் சிதறிக் கிடந்தால் யாரும் தேட மாட்டார்கள், பக்கத்து அலகில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வார்கள்.

அதனால் மேனுவலின் முதுகெலும்பு சிஸ்டம்வாரியான அத்தியாயங்கள்தான். ஃபீட் வாட்டர் ஓர் அத்தியாயம், நிலக்கரி அரைக்கும் மில் சிஸ்டம் ஓர் அத்தியாயம், லூப் ஆயில் ஓர் அத்தியாயம். கேட்லாக்குகள் இணைப்பாகப் பின்னால் போகட்டும். அங்கேயும் பன்னிரண்டு ஃப்ரேம் அளவுகளுக்கான பொது அட்டவணை இருந்தால், நம்மிடம் உள்ளது எது என்று குறித்து மற்றவற்றை அடித்துவிடுங்கள். அடிக்காமல் விட்ட வரி ஒருநாள் தவறான உதிரிபாகமாக ஸ்டோருக்கு வந்து சேரும்.

பழைய மேனுவலிலிருந்து நகலெடுக்கும்போது

210 மெகாவாட் என்ற பெயர் ஒன்றாக இருப்பதாலேயே டர்பைனும் ஒன்று என்று நினைப்பது பெரிய தவறு. ரஷ்ய வடிவமைப்பில் வந்த டர்பைனுக்கு மெயின் ஸ்டீம் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 130 கிலோவை ஒட்டி இருக்கும், ஜெர்மானிய கே.டபிள்யூ.யூ. வடிவமைப்புக்கு 150. இரண்டுக்கும் வெப்பநிலை 535 டிகிரிதான் என்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஐயமே வராது. முன்னதில் பாரிங் கியர் (நின்ற டர்பைனை மெதுவாகச் சுழற்றிவைக்கும் அமைப்பு) மின்மோட்டாரில் நிமிடத்துக்கு 3.4 சுற்று சுழலும். பின்னதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ராலிக் பாரிங், வேகமும் பல மடங்கு அதிகம். ஒன்றின் ரோலிங் (நீராவி விட்டு டர்பைனை வேகமேற்றும்) நடைமுறையை மற்றதில் ஒட்டினால் ஒவ்வொரு படியும் தப்பு.

தண்ணீரும் அப்படித்தான். மேட்டூரில் கண்டன்சருக்குப் போவது நன்னீர், தூத்துக்குடியில் கடல்நீர். கண்டன்சர் டியூப் ஒன்று கசிந்தால் கடல்நீர் நிலையத்தில் குளோரைடு நேராக ஃபீட் வாட்டரில் கலக்கிறது. அங்கே ஹாட்வெல் (கண்டன்சரின் அடித்தொட்டி) கண்டக்டிவிட்டி ஏறத் தொடங்கியதிலிருந்து முடிவெடுக்க நேரம் மிகக் குறைவு. ஆற்று நீர் நிலையத்தின் "கண்காணித்து வரவும்" என்ற வரியை அப்படியே எடுத்து எழுதினால் டிரம், டியூப் எல்லாம் அதற்கு விலை கொடுக்கும்.

நகல் நடந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. டிராஃப்டில் உள்ள டேக் எண்களை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) எல்லாம் பிரித்தெடுத்து மாஸ்டர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நம்மிடம் இல்லாத டேக் ஒன்று வந்தாலும் அந்த அத்தியாயம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும்.

டேக் பற்றி இன்னொன்று. கே.கே.எஸ். என்ற மின்நிலையக் குறியீட்டு முறையில் எல்.ஏ.சி. என்றால் ஃபீட் பம்ப் சிஸ்டம், ஏ.பி. என்றால் பம்ப், ஏ.ஏ. என்றால் வால்வு. திரையில் தெரிவது அந்தக் குறியீடு. ஆனால் தளத்தில் எல்லோரும் சொல்வது "பி.எஃப்.பி. 1ஏ", அதாவது பாய்லர் ஃபீட் பம்ப் 1ஏ. ஒன்றை மட்டும் எழுதினால் எல்.சி. (இயந்திரத்தைத் துண்டித்து வேலை செய்யத் தரும் அனுமதி) கொடுக்கும் நேரத்தில் 1ஏ-வுக்குப் பதில் 1பி-யின் வால்வை மூடும் அபாயம் இருக்கிறது. ஐசொலேஷன் பட்டியலில் கே.கே.எஸ். எண், தளப் பெயர், வால்வு எந்தத் தளத்தில் எந்தத் தூணருகே இருக்கிறது என்ற மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும்.

எண் மட்டும் போதாது

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

டர்பைன் ஆவணங்கள் 'அட்டா'வில் பேசும், அதாவது தனி அழுத்தம். பாய்லர் ஆவணங்கள் கேஜ் அழுத்தத்தில் பேசும். வித்தியாசம் ஏறத்தாழ 1 கிலோ. 150 கிலோ மெயின் ஸ்டீமில் அது யாருக்கும் உறுத்தாது. கண்டன்சரில் அந்த 1 கிலோதான் எல்லாமே. 0.1 அட்டா என்றால் பாதரசத்தில் சுமார் 74 மி.மீ. தனி அழுத்தம். பாரோமீட்டர் 760 காட்டும் நாளில் அதுவே 686 மி.மீ. வெற்றிடம். ஒரு பக்கத்தில் 'வேக்குவம் 0.1' என்றும் இன்னொரு பக்கத்தில் 'வேக்குவம் 0.9' என்றும் எழுதிய மேனுவல்கள் உண்டு. இரண்டும் ஒரே நிலையைத்தான் சொல்கின்றன, ஆனால் அலாரம் வந்து கொண்டிருக்கும்போது அதை யோசிக்க யாருக்கும் பொழுதில்லை. முழு மேனுவலுக்கும் ஓர் அலகுமுறையைத் தேர்ந்தெடுத்து, அது உள்ளூர் கேஜிலும் திரையிலும் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத கேஜ் இருந்தால் அந்த எண்ணையும் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, கருவி எங்கே இருக்கிறது என்பது. டர்பைன் தளம் தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லூப் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் கீழே தரைத்தளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயின் அடர்த்தி 0.87 என்றால் அந்த 9 மீட்டர் எண்ணெய்த் தூணே 0.78 கிலோ அழுத்தம் தரும். டர்பைன்காரர் பேரிங் மட்டத்துக்குக் கொடுத்த 1 கிலோவை ஒட்டிய டிரிப் (இயந்திரம் தானாக நிற்க வேண்டிய) மதிப்பைக் கீழே உள்ள ஸ்விட்சில் அப்படியே வைத்தால், பேரிங்கில் எண்ணெய் அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போகும் வரை டிரிப் வராது. ஆகவே செட் பாயின்ட் அட்டவணையில் மதிப்போடு, அது எந்த மட்டத்துக்குரியது, ஸ்டாட்டிக் ஹெட் திருத்தம் சேர்ந்ததா இல்லையா என்ற இரண்டு கட்டங்கள் கட்டாயம்.

மூன்றாவது கட்டம் ஒன்றும் வேண்டும்: இந்த எண் எங்கிருந்து வந்தது? சப்ளையர் வரைபடம், லாஜிக் வரைபடம், டி.சி.எஸ். (கட்டுப்பாட்டுக் கணினி), மேனுவல் என்று ஒரே டிரிப் மதிப்பு நான்கு இடங்களில் வாழ்கிறது. கமிஷனிங்கின்போது (அலகை முதன்முதலாக இயக்கிப் பார்க்கும்போது) மாற்றியது டி.சி.எஸ்.-இல் மட்டும்தான் இருக்கும். மூலம் தெரியாத எண்ணை அச்சிடாதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு யாரிடம் கேட்க வேண்டும் என்று குறித்துவைப்பது எவ்வளவோ மேல்.

"உறுதிசெய்க" என்று முடிப்பது

"லூப் ஆயில் சிஸ்டம் நார்மலாக இருப்பதை உறுதிசெய்க." இது ஒரு படியே அல்ல. யார் செய்வது, டெஸ்க்கில் இருப்பவரா ஃபீல்டில் இருப்பவரா? எதைப் பார்ப்பது? எந்த எண் வரவேண்டும்? வராவிட்டால்? இந்த நான்குக்கும் பதில் இருந்தால்தான் படி. "வால்வைச் சிறிது திறக்கவும்" என்பதும் இதே ரகம்தான். அரைச் சுற்றா, இரண்டு சுற்றா என்று எழுதுங்கள்.

காரணத்தைச் சொல்லாமல் விடுவது இன்னும் மோசம். ஃபர்னஸ் பர்ஜ்ஜுக்குக் (தீ வைக்கும் முன் உள்ளே தங்கியதைக் காற்றால் வெளியேற்றுவது) காற்று முழு அளவில் குறைந்தது 30 சதவீதம், நேரம் 5 நிமிடம். நாலாவது நிமிடத்தில் நிபந்தனை ஒன்று முறிந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். எரியாமல் தங்கிய எண்ணெய் ஆவியும் நிலக்கரித் தூளும் உள்ளே இருக்கும்போது தீ வைத்தால் ஃபர்னஸ் வெடிக்கும் என்று அதே இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். காரணம் தெரியாதவர் ஒரே ஷிப்டில் மூன்றாம் முறை பர்ஜ் முறிந்ததும் பைபாஸ் செய்ய வழி தேடுவார்.

எச்சரிக்கை படிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. ஜெனரேட்டரில் ஹைட்ரஜன் நிரப்புவதைப் பாருங்கள். காற்றில் 4 முதல் 74 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்தால் வெடிக்கும் கலவை. அதனால் காற்றை முதலில் கார்பன் டை ஆக்சைடால் வெளியேற்றி, அதன் பிறகே ஹைட்ரஜன். வெளியே எடுக்கும்போதும் நடுவில் கார்பன் டை ஆக்சைடு உண்டு. அது கனமானது என்பதால் கீழ்க்குழாய் வழியே ஏற்ற வேண்டும், சாம்பிள் மேலிருந்து எடுக்க வேண்டும். ஹைட்ரஜனை ஏற்றும்போது இது தலைகீழ். சாம்பிள் வால்வை மாற்ற மறந்தால் அனலைசர் நல்ல எண் காட்டும், மறுமுனையில் பழைய வாயு தங்கியிருக்கும். இந்த எச்சரிக்கை ஏழாவது படிக்குப் பிறகு பெட்டிகட்டி வந்து என்ன பயன்? இன்னொரு பக்கம், பக்கத்துக்குப் பத்து எச்சரிக்கைப் பெட்டி போட்டாலும் கண் பழகிவிடும். உயிருக்கும் இயந்திரத்துக்கும் ஆபத்தானவற்றுக்கு மட்டும் பெட்டி போடுங்கள்.

ஒல்லியான அத்தியாயம்

ஸ்டார்ட்-அப் நாற்பது பக்கம், அசாதாரண நிலைமைகள் மூன்று பக்கம். பெரும்பாலான மேனுவல்களின் விகிதம் இதுதான். "தேவைப்பட்டால் லோடைக் குறைக்கவும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எப்போது தேவைப்படும், யார் முடிவெடுப்பது?

2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் உஞ்சாஹாரில் 500 மெகாவாட் ஆறாவது அலகின் பாய்லர் அடியில் சாம்பல் குவிந்து, அதை அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது சூடான வாயு வெளியே பாய்ந்ததில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாட்டம் ஆஷ் வெளியேறவில்லை என்றால் எத்தனை மணி நேரம் வரை ஹாப்பர் தாங்கும், எந்த அளவில் லோடைக் குறைப்பது, எந்த அளவில் டிரிப் செய்வது, பாய்லருக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாத எல்லை எது ஆகியவை உங்கள் மேனுவலில் எண்ணாக இருக்க வேண்டும். டிரிப் செய்யும் அதிகாரம் ஷிப்ட் இன்ஜினியருக்கு, யாரையும் கேட்கத் தேவையில்லை என்ற வரியும் இருக்க வேண்டும். அதை எழுதத் தயங்கும் நிர்வாகங்கள் உண்டு. வற்புறுத்தி எழுத வையுங்கள்.

நிலையம் முழுவதும் மின்சாரம் போகும் நிலைமைக்குத் தனியாக ஒரே ஒரு பக்கம் போதும், ஆனால் அது தனிப் பக்கமாக இருக்க வேண்டும். டர்பைன் டிரிப் ஆனதா, ஜெனரேட்டர் பிரேக்கர் திறந்ததா, பேட்டரியில் ஓடும் டி.சி. எமர்ஜென்சி ஆயில் பம்ப் ஓடுகிறதா, டி.சி. சீல் ஆயில் பம்ப் ஓடுகிறதா, டி.சி. ஸ்கேனர் ஏர் ஃபேன் ஓடுகிறதா, டீசல் ஜெனரேட்டர் வந்ததா. எமர்ஜென்சி விளக்கில் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

பராமரிப்புப் பகுதியில்

"தேவையான அளவு கிரீஸ் இடவும்" என்ற வரியால் எரிந்த பேரிங்குகள் ஏராளம். குறைவாக இட்டதைவிட அதிகமாக இட்டுச் சூடேறியவையே அதில் நிறைய. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் ஒருமுறை இடவேண்டிய கிராம் கிடைக்கும். 6319 பேரிங்குக்கு 200 × 45 × 0.005, அதாவது 45 கிராம். கிரீஸ் கன் ஒரு அழுத்தலுக்கு எவ்வளவு தள்ளுகிறது என்பது கன்னுக்குக் கன் மாறும். பத்து அழுத்தலைத் தராசில் நிறுத்து, அட்டவணையில் கிராமோடு அழுத்தல் எண்ணிக்கையையும் எழுதுங்கள். கிரீஸின் அடிப்படையையும் குறிப்பிடுங்கள். லித்தியமும் பாலியூரியாவும் பல வேளைகளில் ஒன்றோடொன்று சேராது.

உதிரிபாகப் பட்டியலில் '6319' என்று மட்டும் எழுதினால் சாதாரண கிளியரன்ஸ் பேரிங் வரும். மோட்டாரில் இருந்தது சி3 (கிளியரன்ஸ் கூடிய ரகம்) ஆக இருந்தால் புதியது சூட்டில் இறுகும். 'ஓ-ரிங் 1 செட்' என்பதும் இப்படித்தான். அளவும் பொருளும் வேண்டும். எரியா எண்ணெய் ஓடும் கன்ட்ரோல் சிஸ்டத்தில் நைட்ரைல் ஓ-ரிங் ஊதிப்போகும்.

6.6 கே.வி. மோட்டாருக்கு இன்சுலேஷன் எல்லையாக, கே.வி.யோடு ஒன்றைக் கூட்டி 7.6 மெகாஓம் என்று இன்னமும் நகலெடுக்கிறார்கள். அது 1970-ஐ ஒட்டி அதற்கு முன் சுற்றப்பட்ட வைண்டிங்குக்கான கணக்கு. இப்போதைய ஃபார்ம் வைண்டிங்குக்கு 100 மெகாஓம், 40 டிகிரிக்குத் திருத்திய மதிப்பு, போலரைசேஷன் இண்டெக்ஸ் (பத்தாம் நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுத்தது) குறைந்தது 2. எந்த வோல்ட்டில் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதாவிட்டால் கையில் கிடைத்த 500 வோல்ட் மெக்கரால் பார்த்து 'ஓகே' போட்டுவிடுவார்கள். இந்த மோட்டாருக்கு 2500 வோல்ட்டாவது வேண்டும்.

எழுதி முடித்த பிறகு

ஆங்கிலத்தில் மட்டும் எழுதி, ஃபீல்டில் வேலை செய்பவர் கையில் கொடுப்பது பாதி வேலைதான். மில் ரிஜெக்ட் எடுப்பது, ஆஷ் ஹாப்பர் திறப்பது, கிரீஸ் இடுவது போன்றவற்றுக்கு ஒரு பக்கத் தமிழ்த் தாள் போடுங்கள். வால்வுப் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் பலகையில் உள்ளபடியே விடுங்கள்.

மாற்றங்களைப் பதிவு செய்யாதது தயாரிப்பின்போதே செய்யும் தவறு, பின்னால் வருவது அல்ல. செட் பாயின்ட் மாற்றும் படிவத்திலேயே 'மேனுவல் பக்கம் எண், திருத்தப்பட்ட தேதி' என்ற கட்டம் இல்லையென்றால், யூ.சி.பி. (கட்டுப்பாட்டு அறை) மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய ஜெராக்ஸ்தான் நிஜ மேனுவல் ஆகிவிடும். அலமாரியில் உள்ளது, இல்லாமல்போன புஷ் பட்டனை அழுத்தச் சொல்லிக்கொண்டிருக்கும்.

டிராஃப்டைச் சரிபார்ப்பதும் மேசையில் நடக்கக் கூடாது. எழுதியவர் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்க்க, எழுதாத ஓர் ஆப்பரேட்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வாகத் தொட்டு நடக்க வேண்டும். அவர் நிற்கும் இடம், திரும்பிப் பார்க்கும் இடம், "இது எங்க இருக்கு சார்?" என்று கேட்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இறுதிப் பணம் இறுதி மேனுவலோடு பிணைக்கப்பட்ட ஒப்பந்தங்களில் இந்த நடைதான் முதலில் வெட்டப்படும். அதனால் ஹாட் கமிஷனிங் அட்டவணையிலேயே இதற்கு நாள் ஒதுக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் சப்ளையரின் ஆட்களும் தளத்தில் இருப்பார்கள், பதில் கிடைக்கும்.