பீடோங்கில் மாணவர் வாடகை வீடு: சாவி வாங்க எவ்வளவு வேண்டும்?

மலேசியாவின் கெடா மாநிலத்துச் செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால் பீடோங் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) மாணவர்கள் சேர்ந்து வீடு எடுப்பது சகஜம். மாத வாடகை 900 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் என்றால் தலைக்கு 225தானே என்று தோன்றும். சாவி வாங்கும் நாளில்தான் கையைக் கடிக்கும்.

படி 1: முதல் நாள் கணக்கு
இரண்டு மாத வாடகை டெபாசிட் 1,800, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத டெபாசிட் 450, முதல் மாத வாடகை 900. மொத்தம் 3,150 வெள்ளி, தலைக்கு 787.50. இது வழக்கம்தான், சட்டம் வைத்த அளவல்ல. பேசிப் பார்க்கலாம். ஆனால் வீட்டை நேரில் பார்க்காமல், ஊராட்சி மன்றம் அனுப்பும் மதிப்பீட்டு வரி பில்லில் வீட்டுக்காரர் பெயரைச் சரிபார்க்காமல் 'புக்கிங்' என்று ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

படி 2: ஒப்பந்தம்
நாலு பேர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால், மற்றவர்கள் பாதியில் கழன்றுகொள்ளும்போது முழு வாடகையும் அவர் தலையில்தான் விழும். பதிலாள் கொண்டுவந்தால் டெபாசிட் போகாது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். செமஸ்டர் விடுமுறைக்கும் வாடகை ஓடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 3: முத்திரை வரி
ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கட்ட வேண்டும். ஓராண்டு ஒப்பந்தமென்றால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. 10,800ஐ 250ஆல் வகுத்தால் 43.2, மேலே ஏற்றி 44 வெள்ளி. இரண்டாம் பிரதிக்கு 10. முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025இல் போய்விட்டது. பழைய கணக்குப்படி 34 வெள்ளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

படி 4: குடிபோகும் அன்று
தண்ணீர் வேகம் குறைகிறதா என்று எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். சீலிங்கில் பழுப்புக் கறை இருந்தால் மழைக்கு ஒழுகும் கூரை. கதவு நிலையைத் தட்டுங்கள். உள்ளே வெற்றாக இருப்பதுபோல் சத்தம் கேட்டால் கரையான் இருக்கலாம். இவற்றையும் மின்சார, தண்ணீர் மீட்டர் காட்டும் அளவுகளையும் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழைய பாக்கி இல்லையென்று கடைசி மூன்று மாத பில்லைக் கேளுங்கள்.

படி 5: வீட்டை விடும்போது
அதே மீட்டர்களை மறுபடி படமெடுங்கள். கடைசி பில் வந்ததும் கழித்துக்கொண்டு, மீதி டெபாசிட்டை எத்தனை நாளில் தருவார் என்ற தேதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சொல்வதுதான் தேதி.