ஓஇடி கடிதத்துக்கு நீங்களே மார்க் போட்டுப் பார்ப்பது எப்படி?

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (OET) என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதப்போகும் நர்ஸ்கள் பலர், பயிற்சிக் கடிதத்தை எழுதி முடித்ததும் கிராமர் தப்பை மட்டும் தேடிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் ரைட்டிங் பகுதிக்கு அளவுகோல்கள் ஆறு: நோக்கத்துக்கு 3 மார்க், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, அமைப்பு, மொழி ஆகிய ஐந்துக்கும் தலா 7, மொத்தம் 38. இதில் மொழிக்கு 7தான், அதனால் மற்ற 31 மார்க்கையும் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில், ஓஇடி இணையதளத்தில் இருக்கும் அளவுகோல் விளக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை மாதிரியே 5 நிமிடம் கேஸ் நோட்ஸ் (கடிதம் எழுதுவதற்காகக் கேள்வியில் தரும் நோயாளி பற்றிய குறிப்புகள்) படிக்க, 40 நிமிடம் எழுத. முடிந்ததும் மூடி வையுங்கள். உடனே படித்தால் மனசில் இருப்பதைத்தான் படிப்பீர்கள், தாளில் இருப்பதை இல்லை.

மறுநாள், கடிதம் யாருக்குப் போகிறதோ அவராக உட்காருங்கள். காலில் புண்ணோடு டிஸ்சார்ஜ் ஆகும் சர்க்கரை நோயாளியைப் பற்றி, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் பத்தியைத் தவிர மிச்சத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். இந்தக் கடிதம் எனக்கு ஏன் வந்தது, நான் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரிகிறதா? புரியவில்லை என்றால் நோக்கத்தில் மார்க் போச்சு.

அப்புறம் கேஸ் நோட்ஸை எடுத்து, கடிதத்தில் சேர்த்த வரிகளை ஒரு நிறத்திலும் விட்டதை இன்னொரு நிறத்திலும் கோடு போடுங்கள். சேர்த்த ஒவ்வொன்றையும், இது இல்லாவிட்டால் அவர் வேலை நிற்குமா என்று கேளுங்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் இந்த நர்ஸுக்கு எதற்கு? டிரெஸ்ஸிங் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றணும் என்பது விட்டுப்போயிருந்தால் அதுதான் பெரிய ஓட்டை. என்னைக் கேட்டால் மொத்த நேரத்தில் பாதியை இந்தக் கட்டத்துக்கே கொடுக்கலாம், ஏனென்றால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் கடிதம் நிற்கிறது, 180-இலிருந்து 200 வார்த்தை என்ற வழிகாட்டு அளவுக்குள் எல்லாவற்றையும் திணிக்கவும் முடியாது.

கிராமர் கடைசியில். அதிலும் நீங்கள் வழக்கமாகச் செய்யும் தப்பை மட்டும் தேடுங்கள். தேதியைச் சொல்லிவிட்டு 'ஹேஸ் பீன் அட்மிட்டட்' என்று எழுதுவது நம்மிடம் சகஜம். அங்கே 'வாஸ் அட்மிட்டட்' வர வேண்டும்.

இப்போது ஆறுக்கும் மார்க் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணத்தோடு. 'இன்னும் நன்றாக எழுத வேண்டும்' என்பதெல்லாம் காரணமே இல்லை. 'டிரெஸ்ஸிங் விவரத்தை நான்காம் பத்தியில் ஒளித்துவிட்டேன், நோட்ஸ் இருந்த வரிசையிலேயே எழுதியதால்' என்பது காரணம், ஏனென்றால் அடுத்த தடவை என்ன மாற்றணும் என்று அதிலேயே இருக்கிறது.

அதே கடிதத்துக்கு டீச்சரோ கூடப் படிப்பவரோ உங்கள் மார்க்கைப் பார்க்காமல் மார்க் போடட்டும். எங்கே இரண்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வருகிறதோ, அந்த அளவுகோலின் விளக்கத்தை இருவரும் சேர்ந்து மறுபடி படியுங்கள். அடுத்த கடிதத்துக்கு டைமர் போடும் முன், போன தடவை எழுதிய காரண வரிகளில் ஒன்றை மட்டும் எடுத்துத் தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் ஒன்றும் திருந்தாது.